கோப்பை ஜெயிச்ச டீமை ஏன் கலைக்கிறாங்க? (அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-ல ஆடுற ஃபிலடெல்பியா ஈகிள்ஸ், 2025)

மார்ச் 11, 2025 | கேள்வி

அண்ணே, நியூ ஆர்லியன்ஸ்ல சூப்பர் பௌல் (லீக்கோட இறுதி ஆட்டம்) ஜெயிச்சு கப் தூக்கி ஒரு மாசம்தான் ஆகுது. 40–22. அன்னைக்கு எதிரணி சீஃப்ஸோட குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தறவர்) மஹோம்ஸை ஆறு தடவை மண்ணைக் கவ்வ வெச்சோம், அதான் சேக். அதுல ஜாஷ் ஸ்வெட் கணக்கு ரெண்டரை, மில்டன் வில்லியம்ஸ் கணக்கு ரெண்டு. இப்ப ஸ்வெட் அரிசோனா கார்டினல்ஸுக்கு, வில்லியம்ஸ் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு. ஆறுல நாலரை வீட்டைவிட்டுப் போயிடுச்சு! டேரியஸ் ஸ்லேயையும் விடுறாங்க. இன்னைக்கு கார்ட்னர்-ஜான்சனை ஹூஸ்டனுக்குக் கொடுத்துட்டாங்க. ஜி.எம். (யாரை வாங்கறது, யாரை விடறதுன்னு முடிவு பண்றவர்) ஹோவி ரோஸ்மனுக்கு என்னதான் ஆச்சு? ஜெயிக்கிற டீம்ல கை வைக்கக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். கஞ்சத்தனம்தானே இது?

மார்ச் 11, இரவு 11.40 | பதில்

கஞ்சன் இல்லை தம்பி. போன வாரம்தான் ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடறவர்) சேக்வான் பார்க்லிக்கு 2 வருஷ நீட்டிப்பு, 4.12 கோடி டாலர், அதுல 3.6 கோடி உத்தரவாதம். மறுநாள் ஸாக் பானுக்கு 3 வருஷம், 5.1 கோடி. கஞ்சன் பண்ற வேலையா அது? காலையில சீக்கிரம் எழுந்திரிக்கணும். மிச்சம் நாளைக்கு.

(மில்லியன்னு எழுதினா எனக்கே மனசுல ஒட்ட மாட்டேங்குது, அதனால எல்லாம் கோடியில. டாலர்தான், ரூபாய் இல்லை.)

மார்ச் 12

இன்னைக்கு சாயங்காலம் 4 மணிக்கு லீக்கோட புது வருஷம் பிறக்குது. நமக்குச் சித்திரை மாதிரி இவங்களுக்கு மார்ச் நடுவுல. அதுக்குள்ள எல்லா டீமும் சம்பள உச்சவரம்புக்குள்ள வந்தாகணும். 2024-ல 25.54 கோடி, இந்த வருஷம் 27.92 கோடி. கோடைக்காலம் முழுக்க 90 பேர் இருந்தாலும், சம்பளம் பெரிசா உள்ள 51 பேர் கணக்குதான் முக்கியமா எடுத்துப்பாங்க. செப்டம்பர்ல 53 பேர்.

இப்ப நம்ம சமையலறைக்குள்ள போய்ப் பாரு. நம்ம குவாட்டர்பேக் ஹர்ட்ஸுக்கு 2023-லயே 5 வருஷம் 25.5 கோடி. ஏ.ஜே. பிரவுனுக்கு 3 வருஷ நீட்டிப்பு 9.6 கோடி. டெவான்டா ஸ்மித்துக்கு 7.5 கோடி. குவாட்டர்பேக்கைக் காக்கிற முன்வரிசையில இடது டேக்கிள் மைலாட்டாவுக்கு 6.6 கோடி. அதே வரிசையில கார்டு இடத்துல நிக்கிற டிக்கர்சனுக்கு 4 வருஷம் 8.4 கோடி. இவங்கள்லாம் யாரு? பந்தை வெச்சு ஆடுற பக்கம். தாக்குதல் பக்கத்தைப் பணத்தைக் கொட்டிக் கட்டியிருக்கார் ஹோவி.

தடுப்புப் பக்கம் பாரு. ஜேலன் கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ், நோலன் ஸ்மித், குவின்யான் மிட்செல், கூப்பர் டிஜீன், நகோபி டீன். எல்லாம் டிராஃப்ட்ல (கல்லூரிப் பசங்களை டீம்கள் வரிசைப்படி எடுக்கிற இடம்) எடுத்த பசங்க, முதல் ஒப்பந்தத்துல ஓடுறவங்க. ரீட் பிளாங்கன்ஷிப்பை டிராஃப்ட்லகூட யாரும் எடுக்கலை. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்கு அப்புறம் புதுப் பையனோட சம்பளத்துக்கு அவனை எடுத்த இடத்தைப் பொறுத்து ஒரு கணக்கு வந்துடுச்சு, பேரம் பேச இடமே இல்லை. 40-வது இடத்துல எடுத்த டிஜீன் சூப்பர் பௌல்ல தன் பிறந்தநாள் அன்னைக்கே மஹோம்ஸ் பந்தைப் பறிச்சு ஓடிப் போய் ஆறு புள்ளி எடுத்தான். வெளிச்சந்தையில அந்த ஆட்டத்தை வாங்கப் போனா என்ன விலை?

ஆக ஒரு பக்கம் காசு, ஒரு பக்கம் இளசு. தடுப்புல ஒருத்தனுக்கு 4 வருஷம் 10.4 கோடி கொடுத்தா (வில்லியம்ஸுக்கு பேட்ரியட்ஸ் கொடுத்தது அதுதான்) அடுத்து கார்ட்டருக்கு எங்கேருந்து எடுப்பே? கார்ட்டரோட மூணாவது சீசன் இந்த வருஷம். அது முடிஞ்சதும் அவன் வாசல்ல வந்து நிப்பான். வில்லியம்ஸ் நல்ல பையன், கடைசிக் கட்டத்துல மஹோம்ஸ் கையிலேருந்து பந்தைத் தட்டி அவனே விழுந்து பிடிச்சான். ஆனா நம்மகிட்ட ஏறக்குறைய பாதி ஆட்டம்தான் ஆடினான். பாதி ஆட்டக்காரனுக்கு முழு விலை கொடுக்க வேண்டியது, அவன் முழுசா ஆட இடம் இருக்கிற டீம்.

மார்ச் 12, மதியம்

"அப்ப ஹர்ட்ஸுக்கு வருஷத்துக்கு 5 கோடி போகுமே, எப்படிச் சமாளிக்கிறாங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி. 2024-ல உச்சவரம்புக் கணக்குல ஹர்ட்ஸ் பேர்ல விழுந்தது சுமார் 1.36 கோடிதான்.

எங்கம்மா விருதுநகர்ல சீட்டு பிடிச்சாங்க. இருபது பேரு, இருபது மாசம். முதல் மாசமே சீட்டை எடுத்தவன் மொத்தமா வாங்கி வீட்டுக்குக் கூரை போட்டுடுவான், மிச்ச மாசமெல்லாம் தவணை கட்டுவான். இங்கேயும் அதேதான். சைனிங் போனஸ்னு ஒரு பெரிய தொகையை ஆட்டக்காரன் கையில இன்னைக்கே கொடுத்துடறாங்க. கணக்குல அதை அதிகபட்சம் 5 வருஷத்துக்குப் பிரிச்சு எழுதிக்கலாம். ஒப்பந்தம் 3 வருஷம்தான்னாலும் பின்னாடி ரெண்டு பொய் வருஷத்தை ஒட்டிக்கலாம். அந்த வருஷங்கள்ல அவன் ஆட மாட்டான், அது எல்லாருக்கும் தெரியும். கணக்குக்காக மட்டும் இருக்கிற வருஷம்.

உதாரணம்: போனஸ் 3 கோடி. 3 வருஷம்னா வருஷத்துக்கு 1 கோடி விழும். 2 பொய் வருஷம் சேர்த்தா 60 லட்சம்தான். மூணு வருஷம் முடிஞ்சு ஆளு போயிட்டா மிச்சம் 1.2 கோடி அடுத்த ரெண்டு வருஷத்துக்குப் பாதிப் பாதியா விழும்.

மார்ச் 12, மாலை (மேலே உள்ளதுக்குத் திருத்தம்)

கடைசி வரி தப்பு. ஆடிட்டரா இருக்கிற நண்பர் ஒருத்தர் போன் பண்ணித் திட்டினார். ஒப்பந்தம் காலாவதியானா மிச்சம் 1.2 கோடியும் அந்த ஒரே வருஷத்துல மொத்தமா விழும். பாதிப் பாதியா பிரியறது வேற சங்கதி: ஜூன் 1-க்கு அப்புறம் ஒருத்தனை விட்டாலோ வித்தாலோதான் மிச்சம் ரெண்டு வருஷத்துக்குப் பிரியும். முன்கூட்டியே விட்டாலும் "ஜூன் 1-க்கு அப்புறம்"னு முத்திரை குத்திக்கிற சலுகை டீமுக்கு ரெண்டு பேருக்கு உண்டு. ரெண்டையும் போட்டுக் குழப்பிட்டேன்.

இதைத்தான் டெட் மணிங்கிறாங்க. சீட்டு எடுத்து வாங்கின வண்டியை வித்தாச்சு, தவணை மட்டும் ஓடுது. 2021-ல நம்ம அப்போதைய குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை கோல்ட்ஸ் டீமுக்கு அனுப்பினப்போ நமக்கு 3.38 கோடி. அப்ப அதுதான் லீக் சாதனை, வேற எதுலயாவது சாதனை பண்ணியிருக்கலாம். அப்புறம் டென்வர் டீம் அவங்க குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை விட்டு 8.5 கோடியை ரெண்டு வருஷத்துல விழுங்கினப்போ நமக்கு மனசு லேசாச்சு.

மார்ச் 13

சீட்டு உதாரணத்துலயும் ஓட்டை இருக்குன்னு ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சது. சீட்டுல முதல்ல எடுக்கிறவன் தள்ளிக் கேக்கணும். லட்ச ரூபாய்ச் சீட்டை எழுபதுக்குக் கேட்டு எடுப்பான். இங்க தள்ளே கிடையாது! வட்டி இல்லாக் கடன். அதுக்கும் மேல, உச்சவரம்பு வருஷா வருஷம் ஏறுது. இன்னைக்கு 60 லட்சம்கிறது நாலு வருஷம் கழிச்சு மொத்தத்துல சின்னத் துண்டாத் தெரியும்.

ஏறாத வருஷம் ஒண்ணு வந்துச்சு. கொரோனாவால 2020-ல 19.82 கோடியா இருந்தது 2021-ல 18.25 கோடிக்கு விழுந்துது. வென்ட்ஸோட 3.38 கோடி சரியா அந்த வருஷத்துல வந்து உக்காந்துச்சு. கடன் வாங்கின வீட்ல கல்யாணமும் வந்த மாதிரி.

எல்லா டீமும் ஏன் இதைச் செய்யலைன்னா, போனஸ்ங்கிறது கணக்குலதான் பின்னாடி விழுது, முதலாளி பையிலேருந்து ரொக்கம் இப்பவே போகணும். ஜெஃப்ரி லூரி கொடுக்கிறார். எல்லா முதலாளியும் கொடுக்க மாட்டாங்க.

மார்ச் 13

ஐ.பி.எல். ஏலத்தோட ஒப்பிடச் சொல்லி மூணு பேர். ஒப்பிட்டா உதைக்கும். அங்க மெகா ஏலம்னா வீட்டையே காலி பண்ணிட்டுத் திரும்பக் குடிபோற மாதிரி. இங்க ஒவ்வொருத்தன் ஒப்பந்தமும் தனித்தனியா முடியும், வருஷம் முழுக்க யாராவது ஒருத்தன் மூட்டை கட்டிட்டேதான் இருப்பான். ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன்: தோனியை 'சர்வதேச ஆட்டம் ஆடாதவர்' பட்டியல்ல போட்டு 4 கோடி ரூபாய்க்குத் தக்க வெச்சாங்களே, அந்த மூளைதான் ஹோவிக்கும். விதிப் புத்தகத்தை எதிராளியைவிடக் கவனமாப் படிக்கிற மூளை.

மார்ச் 18

பிராண்டன் கிரஹாம் ஓய்வு. 15 வருஷம் ஒரே டீம். இன்னைக்கு கணக்கு வேண்டாம்.

மார்ச் 19

"போனவங்களுக்குப் பதிலா ஏன் பெரிய ஆளு யாரையும் வாங்கலை? ஓஜுலாரி, ஜாஷ் உச்சே, அடோரே ஜாக்சன்னு ஒரு வருஷத்துக்கு அரிசி நொய்யா வாங்கிட்டு இருக்காங்க." தம்பியோட ரெண்டாவது புகார்.

நொய்யிலதான் விஷயமே இருக்கு. சந்தையில நீ இழந்தது வாங்கினதைவிட அதிகம்னா லீக் அடுத்த வருஷம் உனக்கு ஈடா டிராஃப்ட் இடம் கொடுக்கும். மூணாம் சுற்று முடிவுலேருந்து ஏழாம் சுற்று வரைக்கும், ஒரு டீமுக்கு அதிகபட்சம் நாலு. நீ பெரிய ஆளு ஒருத்தனை வாங்கினா போனவன்ல ஒருத்தனோட கணக்கு அடிபட்டுப் போகும். ரொம்பச் சின்ன ஒப்பந்தம்னா அந்தக் கணக்குலயே வராது. வில்லியம்ஸ், ஸ்வெட் (4 வருஷம், 7.64 கோடி), சார்ஜர்ஸுக்குப் போன பெக்டன் (2 வருஷம், 2 கோடி), வைக்கிங்ஸுக்குப் போன ஐசையா ராஜர்ஸ். மொத்தம் நாலு பேர். எண்ணிக்கையைப் பாரு, அதுவும் நாலு!

பெக்டனை யோசிச்சுப் பாரு. ஜெட்ஸ் முதல் சுற்றுல எடுத்து, காயத்துல தேஞ்சு, 2024-ல நம்மகிட்ட ஒரு வருஷ ஒப்பந்தத்துல வந்தான். நம்ம முன்வரிசைக் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் கையில கொடுத்தோம், கார்டா மாத்தினார், கப் ஜெயிச்சான், 2 கோடிக்குப் போறான், போறப்ப நமக்கு ஒரு டிராஃப்ட் இடத்தையும் விட்டுட்டுப் போவான். பழைய பித்தளைப் பாத்திரம் வாங்கி ஈயம் பூசி விக்கிற வியாபாரம்.

மார்ச் 19, இரவு

ஸ்லேக்கும் இடம் கிடைக்குமான்னு கேக்கறாங்க. கிடைக்காது. ஒப்பந்தம் முடிஞ்சு போனவனுக்குத்தான் ஈடு. நாமளே கழட்டி விட்டவனுக்கு இல்லை.

மார்ச் 23

"இவ்வளவு பேசறீங்களே, போன வருஷம் என்ன எழுதினீங்க?"ன்னு ஒரு பழைய வாசகர் கொக்கி போட்டிருக்கார். சரி, சொல்லிடறேன். எப்படியும் தேடி எடுத்துப் போடுவீங்க.

2023 சீசன் ஞாபகம் இருக்கும். 10–1-ல இருந்து கவுந்து, கடைசி ஆறுல அஞ்சு தோத்து, டாம்பாவுல 32–9-னு அடிவாங்கி வந்தோம். அந்தக் கோபத்துல 2024 மார்ச்ல மூணு தீர்ப்பு சொன்னேன்.

ஒண்ணு, பார்க்லிக்கு 3 வருஷம் 3.775 கோடி தண்டச் செலவு, ரன்னிங் பேக்குக்கு இந்தக் காலத்துல யாரு பணம் கொடுப்பான்னேன். அவர் 2,005 யார்டு ஓடினார். எரிக் டிக்கர்சனோட 1984 சாதனைக்கு 101 யார்டு பாக்கி இருக்கறப்போ கடைசி ஆட்டத்துல உக்கார வெச்சாங்க, இல்லேன்னா அதுவும் போயிருக்கும்.

ரெண்டு, ஸாக் பான்னு ஒருத்தனை 35 லட்சத்துக்கு வாங்கினாங்க. செயின்ட்ஸ்ல பெரும்பாலும் கிக் ஆட்டத்துல ஓடிட்டிருந்தவன். "பீடாக் கடைப் பேரு மாதிரி இருக்கு"ன்னு கிண்டல் பண்ணினேன். நம்ம தடுப்புக் கோச் விக் ஃபாஞ்சியோ அவனை ஓரத்துலேருந்து நடுவுக்குக் கொண்டுவந்து லைன்பேக்கரா நிறுத்தினார். 151 டேக்கிள் (பந்தோட வர்றவனைக் கீழே சாய்ச்சது), ஆல்-ப்ரோங்கிற லீக்கோட சிறந்தவங்க பட்டியல்ல முதல் அணி, சூப்பர் பௌல்ல ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி வீசின பந்தைப் பறிச்சது).

மூணு, இதுதான் செலவு வெச்சது. ஜெட்ஸ்லேருந்து ப்ரைஸ் ஹஃப். 2023-ல 10 சேக். 3 வருஷம், 5.1 கோடி. "இந்த வருஷத்தோட சிறந்த வாங்கல்"னு எழுதினேன். எழுதினதோட விட்டிருக்கலாம். என்கிட்ட டியாண்ட்ரே ஸ்விஃப்ட் ஜெர்சி ஒண்ணு இருந்துச்சு, 0-ம் நம்பர். ஸ்விஃப்ட் சிகாகோவுக்குப் போயிட்டார். ஹஃபுக்கும் அதே 0 கொடுத்தாங்க. நம்பர் ஒண்ணுதானே, பேரை மட்டும் பிரிச்சுத் தைச்சா போதும்னு இங்க துணி தைக்கிற கொரியன் அம்மாகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். 18 டாலர். பெரிய சிக்கனம் பண்ணிட்டதா நினைப்பு வேற.

ஹஃப் ரெண்டரை சேக் எடுத்தார், மணிக்கட்டு அறுவை சிகிச்சை நடந்துச்சு, சூப்பர் பௌல் அன்னைக்கு உடை மாத்தவே இல்லை.

இப்ப கணக்கைப் பாரு. பானுக்கு இந்த மாசம் கொடுத்தது 3 வருஷம் 5.1 கோடி. ஹஃபுக்குப் போன மார்ச்ல கொடுத்ததும் 3 வருஷம் 5.1 கோடி. ஒரே விலை. ஒருத்தன் நம்ம வீட்ல, நம்ம கோச்சுக்குக் கீழ ஒரு வருஷம் ஆடிக் காட்டினவன். இன்னொருத்தன் வேற வீட்ல, வேற வேலை பார்த்தவன். ஜெட்ஸ்ல ஹஃபோட வேலை ஓடிப் போய்க் குவாட்டர்பேக்கைப் பிடிக்கிறது மட்டும். ஃபாஞ்சியோவுக்கு ஓரத்துல நிக்கிறவன் ஓட்டத்தையும் தடுக்கணும், சமயத்துல பின்னாடி போய்ப் பாஸையும் காக்கணும். சமையல்காரனை வேலைக்கு எடுத்துட்டுத் தோட்டத்தையும் பார்த்துக்கோன்னா?

மார்ச் 24

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு "அப்ப வெளியாளுக்குப் பெரிய பணமே கொடுக்கக் கூடாதுங்கறீங்களா, பார்க்லி வெளியாள்தானே, ஏ.ஜே. பிரவுன் வெளியாள்தானே"ன்னு கேள்வி. மாட்டிக்கிட்டேன்.

யோசிச்சேன். பார்க்லி ஜயண்ட்ஸ்ல ஆறு வருஷம் ஓடினது ஓட்டைக் கூரை வீட்ல. இங்க வந்தப்போ மைலாட்டா, டிக்கர்சன், லேன் ஜான்சன் எல்லாம் தயாரா இருந்தாங்க. ஜேசன் கெல்சி ஓய்வு பெற்ற இடத்துக்கு கேம் ஜர்கன்ஸை ரெண்டு வருஷம் முன்னாடியே எடுத்துப் பக்கத்துலயே உக்கார வெச்சுப் பழக்கியிருந்தாங்க. சுவர் எழுப்பி முடிச்சப்புறம் வாங்கின கதவு பார்க்லி. பிரவுனும் அப்படித்தான், 2022 டிராஃப்ட் நடக்கறப்பவே 18-வது இடத்தையும் ஒரு மூணாம் சுற்று இடத்தையும் டென்னஸிக்குக் கொடுத்து வாங்கினது, ஹர்ட்ஸ் குவாட்டர்பேக்காத் தேறுவாரான்னு பார்க்கறதுக்கு.

அதனால என் விதியைக் கொஞ்சம் மாத்திக்கிறேன். வெளியாளை வாங்கலாம், அவன் வந்து செய்யப் போற வேலை இதுவரை செஞ்ச அதே வேலையா இருக்கணும். ...பான் இந்த விதியை உடைக்கிறான், தெரியும். 35 லட்சத்துக்கு விதி எதுக்கு? அது லாட்டரிச் சீட்டு. அந்த மாதிரி பத்து வாங்கி ஒண்ணு அடிச்சாப் போதும். ஒரே சீட்டை 5 கோடிக்கு வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஏப்ரல் மாசத்துல ஒரு நாள்

ஜர்கன்ஸுக்கு நீட்டிப்பு, 4 வருஷம், 6.8 கோடி. பழைய ஒப்பந்தத்துல இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கறப்பவே.

ஹோவி பண்றதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். டிக்கர்சன், மைலாட்டா, ஸ்மித் எல்லாருக்கும் சந்தைக்குப் போறதுக்கு முன்னாடியே கையெழுத்து. ஆட்டக்காரனுக்குக் காயம் பட்டாலும் பணம் உண்டுங்கிற நிம்மதி, டீமுக்கு அடுத்த வருஷ விலையிலேருந்து தப்பிச்ச லாபம்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில ஒரு பொண்ணு இருந்தா, பில்லிங் மென்பொருள் முழுக்க அவ தலையிலதான் இருந்துச்சு. சம்பளம் ஏத்தச் சொல்லி ரெண்டு வருஷம் கேட்டா. நான் அவளுக்கு லீடு, மேலே எழுதி எழுதி அனுப்பினேன். "அடுத்த காலாண்டுல பார்க்கலாம்." அவ போயிட்டா. அவ கேட்டதைப்போல ரெண்டு மடங்கு சம்பளத்துல வெளியிலேருந்து ஒருத்தரை எடுத்தாங்க, ஏழு மாசம் ஆச்சு அவருக்கு அந்த வேலை புரியறதுக்கு. நான் அப்ப இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கணும். என் வேலையையும் பார்த்துக்கிட்டு அமைதியா இருந்துட்டேன். ஜர்கன்ஸ் செய்தி படிச்சப்போ அவ ஞாபகம்தான் வந்துச்சு. எதுக்கு இங்க எழுதறேன்னு தெரியலை.

மைலாட்டா பத்திக் கேட்டவருக்கு: ஆமா, ஆஸ்திரேலியாவுல ரக்பி ஆடினவர். இந்த ஆட்டத்தை ஒரு தடவைகூட ஆடாம 2018-ல ஏழாம் சுற்றுல 233-வதா எடுக்கப்பட்டவர். நம்ம ஊர்க் கபடிப் பசங்க யாரையாவது ஸ்டவுட்லண்ட்கிட்ட அனுப்பலாமான்னு ஒரு யோசனை உண்டு. எடைதான் உதைக்கும்.

ஏப்ரல் 25, 2025

முதல் சுற்று முடிஞ்சுது, கிரீன் பேயில நடக்குது. 31-வதா ஜிஹாட் கேம்பல், அலபாமா லைன்பேக்கர்.

32-ல இருந்தவங்க ஒரே ஒரு படி ஏறறதுக்கு சீஃப்ஸுக்கு 164-வது இடத்தைக் கொடுத்திருக்காங்க. கோப்பையை யார்கிட்டேருந்து பிடுங்கினோமோ அவங்ககிட்டயே வியாபாரம். அந்த 164 எப்படி வந்துச்சு தெரியுமா? ஹர்ட்ஸுக்குப் பின்னாடி பெஞ்சுல இருந்த கென்னி பிக்கெட்டை போன மாசம் கிளீவ்லாண்டுக்குக் கொடுத்து வாங்கினது. பெஞ்சுல இருந்தவனை வித்த காசுல ஒரு படி.

கேம்பலுக்குத் தோள்ல அறுவை சிகிச்சை, அதனாலதான் இவ்வளவு கீழ வந்தான். ஜனவரியில நகோபி டீன் முட்டி போச்சு, எப்ப வருவான்னு சொல்ல முடியாது. பக்கத்துல பான். வயிறு பசிக்கும்போது வாங்கப் போனா கண்டதையும் வாங்குவோம். டீன் கால் சரியில்லைங்கிற பதட்டத்துல மார்ச்ல யாரையாவது கோடி கொடுத்து வாங்கியிருக்கலாம். ஏப்ரல் வரைக்கும் பொறுத்தாங்க.

எனக்குச் சந்தேகமும் இருக்கு, சொல்லிடறேன். இதே ஹோவிதான் 2020-ல 21-வதா ஜேலன் ரேகரை எடுத்தார். அடுத்த இடத்துல மினசோட்டா ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்துது. அன்னைக்கு நான் டி.வி. ரிமோட்டைத் தூக்கி எறிஞ்சேன், பேட்டரி மூடி இன்னைக்கு வரைக்கும் கிடைக்கலை. அதே டிராஃப்ட்ல 53-வதா ஹர்ட்ஸை எடுத்தப்போ, வென்ட்ஸுக்கு 12.8 கோடி ஒப்பந்தம் போட்டிருக்கறப்போ இது எதுக்குடான்னு அதைவிடக் கத்தினேன். எறிய வேண்டியதுக்கு எறிஞ்சேன், கத்தக் கூடாததுக்குக் கத்தினேன்.

ஏப்ரல் 27

சான் ஃபிரான்சிஸ்கோ ரசிகர் ஒருத்தர் உள்ளே வந்து "எங்க குவாட்டர்பேக் பர்டி 262-வது, டிராஃப்டோட கடைசி ஆள்"னு பெருமை பேசறார். சார், அதுக்கு முந்தின வருஷம் ட்ரே லான்ஸ்ங்கிற குவாட்டர்பேக்குக்காக மூணு முதல் சுற்று இடங்களை வாரிக் கொடுத்ததைச் சொல்ல மறந்துட்டீங்க. கடைசி ஆள் உங்களைக் காப்பாத்தினது அதிர்ஷ்டம். சண்டைக்கு வரலை, எங்க 2020 கதையும் அதுதான்.

மே 31

ஹஃப் போறார். அதே சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. அந்த சார் சிரிச்சுட்டு இருப்பார். அங்க ராபர்ட் சாலே தடுப்புக் கோச்சா வந்திருக்கார், ஜெட்ஸ்ல ஹஃப் 10 சேக் எடுத்தது அவருக்குக் கீழதான். பழைய முதலாளிக்கே திரும்பப் போற மாதிரி, பழைய வேலையையே செய்யலாம்.

தேதியைக் கவனிச்சீங்களா? பேச்சு முடிஞ்சாச்சு, ஆனா கையெழுத்து ஜூன் 1 தாண்டித்தான். மார்ச்ல நான் குழப்பினேனே, அதேதான்: இப்ப போட்டா மிச்சப் போனஸ் மொத்தமும் 2025 தலையில. ரெண்டு நாள் பொறுத்தா ஒரு பங்கு 2026-க்குப் போகும். நல்ல நாள் பார்த்துப் பத்திரம் பதியற மாதிரி.

ஜெர்சி அலமாரியில இருக்கு. வீட்டுக்காரம்மா கேட்டா: "அடுத்த பேரு எது?"

ஆகஸ்ட் 27

நேத்து சாயங்காலத்தோட 90 பேர் 53 ஆயாச்சு. இந்த நாள் எனக்குப் பிடிக்காது. லீக் முழுக்க ஒரே நாள்ல ஆயிரத்துக்கும் மேல பசங்க வீட்டுக்கு. கொஞ்ச பேரைப் பயிற்சி அணியில திரும்ப எடுத்துப்பாங்க.

நம்ம வீட்ல பெக்டன் இடத்துக்கு டைலர் ஸ்டீன். ஸ்வெட் இடத்துக்குன்னு ஒரு ஆள் இல்லை, நாலு பேர் மாத்தி மாத்தி. பேக்கப் குவாட்டர்பேக் டேனர் மெக்கீ கட்டைவிரல்ல அடிபட்டுட்டார்னு மினசோட்டாவுலேருந்து சாம் ஹவலை வாங்கினாங்க. பிக்கெட்டை வித்து ஒரு படி ஏறினதைப் பெருமையா எழுதினேன் இல்லையா, அந்தப் படிக்கு இப்ப வட்டி கட்டறோம். மார்ச்ல வட்டி இல்லைன்னு சொன்னதும் நான்தான்.

தம்பி கேட்டிருக்கார், "ஒத்துக்கறீங்களா, ஓரத்துல ஆள் பத்தாதுன்னு?" ஒத்துக்கறேன். நாலு நொய்யைச் சேர்த்தா ஒரு அரிசி ஆகாது. வில்லியம்ஸை விட்டது சரின்னு இன்னைக்கும் சொல்வேன். ஸ்வெட் விஷயத்துல மார்ச்ல இருந்த நிச்சயம் இப்ப இல்லை. வருஷத்துக்கு 1.9 கோடி, இன்னைக்குச் சந்தையில அது அப்படி ஒண்ணும் அதிகமில்லை.

செப்டம்பர் 5

நேத்து டல்லாஸோட முதல் ஆட்டம். 24–20, ஜெயிச்சோம். தொடக்க உதை முடிஞ்சு அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ளயே கார்ட்டர் டல்லாஸ் குவாட்டர்பேக் டாக் ப்ரெஸ்காட் மேல துப்பி வெளியே அனுப்பப்பட்டார். யாருக்காக மார்ச்ல காசைச் சேர்த்து வெச்சோம்னு பக்கம் பக்கமா எழுதினேனோ, அவர். தம்பி ராத்திரி ஒரு மணிக்கு அனுப்பின செய்தியில வார்த்தையே இல்லை, வில்லியம்ஸ் படம் மட்டும். குவாட்டர்பேக்கை ஒரு தடவைகூடக் கீழே தள்ள முடியலைங்கிறதை நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை.

நடுவுல இடி மின்னல்னு ஆட்டத்தை நிறுத்தி வெச்சப்போ சும்மா இருக்க முடியாம அலமாரியைத் திறந்தேன். 0-ம் நம்பரை இப்ப ஜாஷ் உச்சே போட்டுக்கிறார். ஒரு வருஷ ஒப்பந்தம்.

கொரியன் அம்மா இப்ப 22 டாலர் கேக்கறாங்க. பேரைப் பிரிச்சு எடுக்க மட்டும்னா ஏழாம். பிரிக்கக் கொடுத்திருக்கேன்.